கருங்காலி ஏற்றிக் கொடுத்த லினக்ஸ்

கனடாவின் வடக்கே ஒரு சுரங்க ஊர் எங்களுடையது. அதன் நூலகத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை பழைய கணினிகளுக்கு, விண்டோஸுக்குப் பதிலாக, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றித் தருகிறோம். பழைய விண்டோஸுக்கு இனிப் பாதுகாப்பு வராது என்று அறிவிப்பு வந்த இலையுதிர் காலத்தில் அதை ஆரம்பித்தோம். கணினி நன்றாகவே இருக்கும், ஆனால் புதிய விண்டோஸை ஏற்காது. தூக்கிப்போட மனம் வராதவர்கள் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவார்கள். மேசைகளை இழுத்துப் போடுவது, காபி வைப்பது, யார் யாரிடம் உட்கார வேண்டும் என்று சொல்வது, இதெல்லாம் என் பொறுப்பு. ஏற்றித் தருவதற்குத் தொண்டர்கள் இரண்டு பேர். ஒருத்தி பிரியான், கல்லூரியில் படிக்கிறவள். இன்னொருவர் ரெய்னோ கெட்டோலா.

ரெய்னோவைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பல வருஷங்களுக்கு முன்னால் இங்கே சுரங்கத்தில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. ஒரு கோடையில் தொடங்கி அடுத்த கோடையில்தான் முடிந்தது. நடுக் குளிர்காலத்தில், வேலைக்கு வருகிறவர்களைக் கம்பெனி பேருந்தில் ஏற்றிக்கொண்டு சுரங்கத்தின் கேட்டுக்குள் கொண்டுபோக ஆரம்பித்தது. ஜன்னல்களில் திரை தொங்கும் பேருந்து. அதில் ஏறியவர்களில் ரெய்னோவும் ஒருவர். அன்றிலிருந்து ஊருக்கு அவர் கருங்காலி. நான் இந்த ஊருக்கு வந்தது அதெல்லாம் முடிந்த பிறகுதான். ஆனாலும் யார் எந்தப் பக்கம் என்பதை முதல் வாரத்திலேயே எனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். ரெய்னோ ஹாக்கி ஆட்டம் பார்க்க வந்தால் அவரைச் சுற்றி இருக்கைகள் காலியாகக் கிடக்கும். அவரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டவராகத் தெரியவில்லை. கால் நீட்டி உட்காருவார்.

விஷயம் தெரிந்தவர்கள் பிரியானின் மேசைக்குப் போவார்கள். வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்கள் ரெய்னோவிடம் உட்காருவார்கள். இப்படியே ஒரு சச்சரவும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது, நவம்பரில் பிரியானுக்குக் காய்ச்சல் வரும் வரைக்கும்.

அன்றைக்கென்று லொரெய்ன் பிலோன் வந்தாள். வேலைநிறுத்தம் நடந்தபோது சங்கத்தின் சமையல்கட்டை நடத்தியவள் அவள்தான். ஊரில் பாதிப் பேர் அந்த வருஷம் அவள் கையால் சாப்பிட்டிருக்கிறார்கள். அவள் புருஷன் ரெமி அந்தக் குளிரில் கேட்டுக்கு முன்னால் மறியலில் நின்று நின்று, பனி கடித்து, இடது காலில் விரல்களை இழந்தவன். தொப்பியில் பனியோடு உள்ளே வந்தவள் லேப்டாப் பையை மேசையில் வைத்துவிட்டுச் சுற்றிப் பார்த்தாள்.

“மேவிஸ், அந்தப் பொண்ணு எங்க?”

“காய்ச்சல். இன்னிக்கு வரல.”

“அப்போ யாரு செய்யறது?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பார்த்துவிட்டாள்.

“இவனா?”

ரெய்னோ நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு பென் டிரைவின் மேல் ஒட்டுத்தாளை ஒட்டிக்கொண்டிருந்தார். “இவன்தான். வேண்டாம்னா கதவு அங்க இருக்கு. போறப்போ சாத்திட்டுப் போ, குளிருது.”

“அடுத்த மாசம் பிரியான் இருப்பா லொரெய்ன்,” என்றேன். “அப்போ வாங்களேன்.”

“அடுத்த மாசம் ஆகாதும்மா. மலர் அச்சுக்குப் போகணும்.” வேலைநிறுத்தத்தின் நினைவு விழா டிசம்பரில் வருகிறது. அதற்கான மலரைத் தயாரிப்பது அவள் பொறுப்பு. “இந்தச் சனியன் ரெண்டு வரி தட்டினா உறைஞ்சு போயிடுது. லினக்ஸ் போட்டா வேகமா ஓடும்னு சொன்னாங்க.”

“சொன்னவங்க சரியாத்தான் சொல்லியிருக்காங்க,” என்றார் ரெய்னோ.

“உன்னை நான் கேட்கல.”

ஜன்னலுக்கு வெளியே வாகன நிறுத்தத்தில் பனி ஏறிக்கொண்டிருந்தது. லொரெய்ன் கோட்டைக் கழற்றாமலேயே அவர் மேசைக்குப் போய், நாற்காலியை ஒரு கை தூரம் தள்ளிப் போட்டு உட்கார்ந்தாள்.

“சீக்கிரம் முடி.”

“அது உன் கணினி கையில இருக்கு. உள்ள இருக்கறதையெல்லாம் நகல் எடுத்தாச்சா?”

“எடுத்தாச்சு.”

“எல்லாத்தையும்?”

“நான் என்ன பச்சைக் குழந்தையா? எல்லாத்தையும்.” கழுத்தில் கயிற்றில் தொங்கிய சின்னப் பென் டிரைவைத் தூக்கிக் காட்டினாள். அதை அவர் கையில் கொடுக்கவில்லை.

ரெய்னோ தன்னுடைய பென் டிரைவை லேப்டாப்பில் செருகினார். “அணைச்சுட்டுத் திரும்பப் போடு. கணினிக் கம்பெனி பேர் திரையில வர்றப்போ எஃப் பன்னிரண்டை அழுத்தணும்.”

“நீயே அழுத்து.”

“மாட்டேன். நான் தொட்டா, நாளைக்குக் கருங்காலி என் கணினியைக் கெடுத்துட்டான்னு ஊரெல்லாம் சொல்லுவ. ஒவ்வொரு பொத்தானையும் நீதான் அழுத்தற. நான் சொல்றதோட சரி.”

அந்தச் சொல்லை அவர் வாயாலேயே கேட்டதும் பக்கத்து மேசையில் முறைக்குக் காத்திருந்தவர்களின் பேச்சு நின்றது. லொரெய்ன் கூட ஒரு நொடி அவரைப் பார்த்தாள். பிறகு கணினியைப் போட்டு விசையை அழுத்தினாள். பிடிபடவில்லை. பழைய விண்டோஸ்தான் மெதுவாக வந்து நின்றது.

“தட்டிக்கிட்டே இருக்கணும்,” என்றார் ரெய்னோ. “சூப்புக்கு உப்பு போடற மாதிரி ஒரு தடவை போட்டுட்டுக் கையைக் கட்டிக்கிட்டா ஆகாது.”

“என் சூப்பைப் பத்தி நீ பேசாதே. நீ குடிச்சியா அதை?”

“குடிச்சேனே. பஸ் ஏறற வரைக்கும் தினமும் குடிச்சேன். உப்பே இருக்காது.”

பக்கத்து மேசைப் பெண் சிரிப்பை அடக்கக் காபியைத் தூக்கிக் குடித்தாள். லொரெய்னின் காது சிவந்தது. அடுத்த முறை அவள் தட்டிய தட்டில் விசை தெறித்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் பிடிபட்டது. திரையில் ஒரு பட்டியல் வந்தது, அதில் பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தாள். கொஞ்சம் கறுப்பு, கொஞ்சம் எழுத்து, பிறகு பளிச்சென்று ஒரு முகப்பு. கீழே மூலையில் மெனு, மேலே சில படங்கள், சுட்டியை நகர்த்தினால் நகர்ந்தது.

அவள் முகத்தில் ஆச்சரியம் வந்தது, உடனே அதை மறைத்துக்கொண்டாள். “கறுப்புத் திரையில எழுத்தெழுத்தா தட்டணும்னு லூசியன் சொன்னான்.”

லூசியன் ரிவே என்பவர் சங்கத்தின் ஓய்வுபெற்றோர் குழுத் தலைவர்.

“லூசியன் தெரியாததையும் சொல்லுவான்,” என்றார் ரெய்னோ. “லினக்ஸ்ல இந்த வகைக்குப் பேரு மின்ட். புதுசா வர்றவங்களுக்கு இதுதான் லேசு.”

“மின்ட்டாம். புதினா மிட்டாயா, கடிச்சுத் தின்னணுமா?”

“இப்போ ஓடறது முழுக்க என் பென் டிரைவ்லேர்ந்து. உன் டிஸ்க்கை இன்னும் தொடல. பிடிக்கலைன்னா இப்பவே அணைச்சிட்டு வீட்டுக்குப் போகலாம், எல்லாம் பழையபடி இருக்கும்.”

“பிடிச்சா என்ன, பிடிக்கலைன்னா என்ன. வேலை ஆகணும். அடுத்து?”

நிறுவும் படத்தை இரண்டு முறை சொடுக்கச் சொன்னார். மொழி கேட்டது, தேர்ந்தெடுத்தாள். விசைப்பலகை கேட்டது. அவர் ஆங்கிலம் என்றார். அவள் உடனே திரும்பினாள்.

“ரெமி பேருக்கு எழுத்து மேல கோடு வேணும். இங்கிலீஷ்ல எப்படிப் போடறது? இங்கிலீஷ் பேசற உங்க ஆளுங்களுக்குத்தான் நாங்க பேசற பிரெஞ்சு கண்ணுக்குத் தெரியாதே.”

“கனடா பிரெஞ்சு கீழ இருக்கு பாரு. எடு. அதுக்கு ஒரு பிரசங்கம் வேற.”

நான் பட்டர் டார்ட் என்ற இனிப்பு அடுக்கிய தட்டை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் நடுவில் வைத்தேன். இரண்டு பேரும் தொடவில்லை.

அடுத்த பக்கத்தில்தான் அந்தக் கேள்வி வந்தது. டிஸ்க்கை முழுக்க அழித்துவிட்டு லினக்ஸ் ஏற்றவா என்று. லொரெய்ன் சுட்டியைக் கொண்டுபோனாள்.

“நில்லு,” என்றார் ரெய்னோ.

“என்ன?”

“உன் பென் டிரைவைச் செருகு. நகல் சரியா இருக்கான்னு பார்க்கணும்.”

“எடுத்தாச்சுன்னு சொன்னேன்ல.”

“சொன்ன. எனக்குக் காட்டு.”

“என் வீட்டு விஷயமெல்லாம் உனக்கு எதுக்குக் காட்டணும்?”

ரெய்னோ கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். குரல் உயரவில்லை. “இந்த ஊர்ல எது நடந்தாலும் என் தலையில கட்டறீங்க. யாரோ டயரைக் கிழிச்சா நான். யாரோ கம்பெனிக்குப் போட்டுக் கொடுத்தா நான். உன் பேத்தி படம் காணாமப் போச்சுன்னு இதையும் என் மேல எழுத விட மாட்டேன். நகலை என் கண்ணால பார்க்காம இந்த மேசையில எதுவும் அழியாது. முடியாதுன்னா மூடி எடுத்துக்கிட்டுப் போ.”

அவள் என்னைப் பார்த்தாள். “மேவிஸ், இது நூலகமா, போலீஸ் ஸ்டேஷனா?”

“எல்லார்கிட்டயும் கேட்கறதுதான் லொரெய்ன்,” என்றேன். அது உண்மைதான். இந்தக் குரலில் கேட்பதில்லை என்பதும் உண்மை.

கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றி, பென் டிரைவைச் செருகினாள். திரையில் இரண்டு சன்னல்களைப் பக்கம் பக்கமாகத் திறக்கச் சொன்னார் ரெய்னோ. ஒன்றில் பழைய டிஸ்க், இன்னொன்றில் நகல். ஆவணங்கள் இருந்தன. படங்கள் இருந்தன. பிறகு அவர் விரலை நீட்டினார்.

“டெஸ்க்டாப்னு ஒரு ஃபோல்டர் இருக்கு பாரு. அதைத் திற.”

திறந்தாள். திரை முழுக்கக் கோப்புகள் நிறைந்தன. நகலில் அதில் ஒன்றுகூட இல்லை.

கணினியைத் திறந்ததும் கண் முன்னால் இருக்க வேண்டும் என்று அவள் வேலை செய்ததையெல்லாம் டெஸ்க்டாப் என்கிற முகப்பிலேயே போட்டு வைத்திருக்கிறாள். ஆவணங்கள் ஃபோல்டரை மட்டும் நகல் எடுத்திருக்கிறாள். மலர் முழுவதும் அந்த முகப்பில்தான் இருந்தது. இன்னும் ஒரு சொடுக்கில் அதெல்லாம் போயிருக்கும். அவள் சுட்டியிலிருந்து கையை எடுத்தாள்.

“எல்லாத்தையும் எடுத்தாச்சு,” என்றார் ரெய்னோ, அவள் சொன்ன அதே தொனியில். “பச்சைக் குழந்தையா நான்.”

“வாயை மூடு.”

“அந்த மலர்னு போட்டிருக்கறதைத் திற. படமெல்லாம் இதுக்குள்ளயே இருக்கா, இல்ல வேற எங்கயாவது கிடக்கான்னு தெரியணும். கடைசிப் பக்கம் வரைக்கும் உருட்டு.”

“அது வேண்டாம்.”

“அப்போ படம் வரலைன்னா அழாதே.”

அவள் முகத்தில் வேறு ஏதோ வந்தது. தயக்கம் போய், ஒரு பிடிவாதம். “பார்க்கணும்கற? சரி, பார்,” என்று சொல்லித் திறந்தாள். நிதானமாக உருட்டினாள். சமையல்கட்டுப் படம், பீப்பாயில் நெருப்பு மூட்டிக் குளிர்காயும் ஆட்கள், பனியில் பதாகைகள். பிறகு கறுப்புக் கரை போட்ட ஒரு பக்கம். தலைப்பு, கேட்டைத் தாண்டியவர்கள். அந்தப் பக்கத்தில் கையை எடுத்துவிட்டாள். எதையும் உருட்டாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேலே ஒரு புகைப்படம். கேட்டுக்கு முன்னால் ஒரு பிக்கப் வண்டி. ஓட்டுவது ரெய்னோ, நன்றாகவே தெரிந்தது. பின் இருக்கையில் இன்னொரு ஆள், கோட்டுக் காலரைத் தூக்கி முகத்தைப் பாதி மறைத்திருந்தார். கீழே பெயர்கள்.

ரெய்னோ படித்தார். அவர் படிப்பதை அறையே பார்த்துக்கொண்டிருந்தது.

“என் பேர் இருக்கு,” என்றார். “போட்டுக்கோ. அந்த ஓட்டெடுப்புல வேலைநிறுத்தம் வேண்டாம்னு எழுந்து நின்னு சொன்னவன் நான். உங்க தலைவருங்க எங்களைக் கிணத்துல தள்ளறாங்கன்னு சொன்னேன். அஞ்சு மாசம் உங்ககூட நின்னேன், அப்புறம் போனேன். இன்னிக்குக் கேட்டாலும் போவேன்.”

“வெட்கமே கிடையாதா உனக்கு?”

“கிடையாது. ஆனா டாய்வோ பேரு இங்க எதுக்கு?”

டாய்வோ அவருடைய அண்ணன். போன வருஷம் இறந்துபோனார்.

“படம் இருக்கே,” என்றாள் லொரெய்ன். “உன் வண்டியில, கேட்டுக்கு முன்னால, பின் சீட்ல ஒளிஞ்சுக்கிட்டு. லூசியன் எடுத்தது.”

“டாய்வோ தாண்டல. அவன் பேரை எடு.”

“மாட்டேன்.”

“செத்தவன் மேல சேறு பூசாதே லொரெய்ன். எடு.”

“இல்லாட்டி என்ன பண்ணுவ? எல்லாத்தையும் அழிச்சிடுவியா?”

“அழிக்கணும்னு இருந்தா நீ எடுத்தாச்சுன்னு சொன்னப்பவே சும்மா இருந்திருப்பேன்,” என்றார் ரெய்னோ. “நீயே உன் கையால அழிச்சிருப்ப. நான் காபி குடிச்சுக்கிட்டு வேடிக்கை பார்த்திருப்பேன்.”

அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்திருக்க வேண்டும். சுட்டியைப் பிடித்து முகப்பு ஃபோல்டர் முழுவதையும் நகலுக்கு இழுத்துப் போட்டாள். அவர் சொல்லாமலேயே நகலில் மலரைத் திறந்து, படங்கள் வருகின்றனவா என்று கடைசி வரை பார்த்தாள்.

“இப்போ அழுத்து,” என்றார். அழுத்தினாள்.

ஊர், நேரம் கேட்டது. பெயர் கேட்டது. கடவுச்சொல் கேட்டபோது ரெய்னோ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். “போடு. நான் பார்க்கல.”

“முகத்தைத் திருப்பிக்கறது உனக்குப் பழக்கம்தானே. திரை போட்ட பஸ்ஸுல போனவன்.”

“மறந்துடாத மாதிரி ஒண்ணு போடு. மறந்துட்டு வந்து என்கிட்ட நிக்காதே.”

பிறகு திரையில் ஒரு பட்டை மெதுவாக நிரம்ப ஆரம்பித்தது. அந்த நேரம்தான் கஷ்டமாக இருந்தது. செய்ய ஒன்றும் இல்லை, எழுந்து போகவும் முடியாது. இரண்டு பேரும் பட்டையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அது பாதியைத் தாண்டியபோது லொரெய்ன், அவரைப் பார்க்காமல், கேட்டாள்.

“தாண்டலைன்னா உன் வண்டியில அவனுக்கு என்ன வேலை?”

“நெஞ்சு வலி. அவன் வண்டி குளிர்ல கிளம்பல. ஆம்புலன்ஸ் பக்கத்து ஊருக்குப் போயிருந்தது. வேற வழியில்லாம எனக்குப் போன் பண்ணினான். பஸ் ஏறின நாள்லேர்ந்து அவன் என்கூடப் பேசினதில்ல, அதுதான் முதல் பேச்சு. ஆஸ்பத்திரிக்குக் கேட்டைக் கடந்துதானே போகணும். உங்க ஆளுங்க ரோட்டை மறிச்சு நின்னாங்க, வண்டி நின்னது, லூசியன் படம் எடுத்தான்.”

“எதுக்குப் பின் சீட்?”

“என் பக்கத்துல உட்கார மாட்டேன்னுட்டான்.” ரெய்னோ மூக்கைத் தேய்த்துக்கொண்டார். “நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு, வலியில முனகிக்கிட்டு, கருங்காலி பக்கத்துல உட்கார மாட்டேன்னு பின்னால ஏறினான். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசல. இறங்கறப்போ நன்றின்னு கூடச் சொல்லல. சாகற வரைக்கும் சொல்லல.”

“கதை நல்லா இருக்கு.”

“நம்பாதே. உன்னை நம்பச் சொல்லி நான் கால்ல விழல. பேரை எடுன்னேன்.”

கணினி முடிந்தது என்றது. பென் டிரைவைப் பிடுங்கி, திரும்பத் தொடங்கினார்கள். வேகமாகத்தான் வந்தது. வந்ததும் இணையம் இல்லை. வைஃபை இருக்கும் இடமே காணவில்லை.

“கெடுத்துட்ட,” என்றாள் லொரெய்ன். கிட்டத்தட்டச் சந்தோஷமாகச் சொன்னாள்.

“கெடல. உள்ள இருக்கற வைஃபை சில்லுக்குத் தனியா ஒரு நிரல் இறக்கணும். இறக்க இணையம் வேணும். என் போனைக் கம்பியில மாட்டறேன்.”

“உன் போன் வேண்டாம். மேவிஸ், உன் போனைக் கொடு.”

ரெய்னோ தோளைக் குலுக்கினார். கொடுத்தேன். அவர் கம்பி, என் போன், அவள் விரல். எங்கே போய் எதை அழுத்த வேண்டும் என்று அவர் சொல்ல, அவள் அழுத்தினாள். நிரல் இறங்கியதும் மூலையில் வைஃபை வந்தது. எழுதும் செயலியைத் திறந்து முதல் வேலையாக ரெமியின் பெயரைத் தட்டினாள். எழுத்தின் மேல் கோடு சரியாக விழுந்தது. மலரைத் திறந்தாள், உறையாமல் திறந்தது. மூடினாள்.

எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு எழுந்தவள் என்னிடம் நன்றி சொன்னாள். அவரிடம் சொல்லவில்லை. கதவருகே போனபோது ரெய்னோ பின்னாலிருந்து சொன்னார்.

“அவன் பேரை எடு.”

அவள் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை அவளே எனக்குச் சொன்னாள், மாதிரிப் பிரதி அச்செடுக்க நூலகத்துக்கு வந்த அன்று. ரெய்னோவை ஒரு வார்த்தை நம்பவில்லையாம். பொய் என்று காட்டுவதற்காகத்தான் வீட்டுக்குப் போனதும் ரெமியிடம் கேட்டிருக்கிறாள். டாய்வோ அந்தக் குளிரில் உன்கூட நின்றவன்தானே, எப்போது விட்டுப் போனான் என்று.

ரெமி தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னானாம். “விட்டெல்லாம் போகல. கொஞ்ச நாள் வரல. திரும்ப வந்தப்போ மணிக்கட்டுல ஆஸ்பத்திரிப் பட்டை இருந்துச்சு. அதுக்குள்ள அந்தப் படத்தைச் சங்க ஹால்ல ஒட்டிட்டாங்க. அதைப் பார்த்துட்டு, ஒண்ணும் பேசாமத் திரும்பிப் போயிட்டான். அதோட சரி.”

“இதை ஏன் நீ யார்கிட்டயும் சொல்லல?”

“நீ கேட்கல. ஹால்ல எல்லாரும் கத்திக்கிட்டு இருந்தப்போ நான் என்னத்தைச் சொல்றது?”

அன்றைக்கு அவள் ரெமிக்குச் சாப்பாடு போடவில்லை. “பட்டையைக் கண்ணால பார்த்திருக்கான் மேவிஸ். பார்த்துட்டு இத்தனை வருஷம் டிவி பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கான்,” என்றாள். ரெய்னோ சொன்னது உண்மையாகிப் போனதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை என்று எனக்குத் தோன்றியது. டாய்வோவுக்காக வருத்தப்பட்டாள், சந்தேகமில்லை. ஆனால் அதைவிடக் கோபமாக இருந்தாள்.

மறுநாள் லூசியன் ரிவேயின் வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

“அந்த வண்டி கேட்டுக்குள்ள திரும்பினதை நீ பார்த்தியா?”

“பார்க்கணுமா? கெட்டோலா வண்டி.”

“திரும்பிச்சா, இல்ல நேரா போச்சா?”

“நேரா போயிருந்தாதான் என்ன? கருங்காலி வண்டியில ஏறினான்ல. ரத்தம் ஒண்ணுதானே.”

“ரெமியோட தம்பி திருடிட்டு ஜெயிலுக்குப் போனவன். அப்போ ரெமியும் திருடனா?”

லூசியன் அவளை முறைத்துவிட்டு, “உன் கணினியை அவன்தான் சரி பண்ணிக் கொடுத்தான்னு கேள்விப்பட்டேன்,” என்றார். “கணினியை மட்டும்தான் சரி பண்ணினானா, உன் மூளையையுமா?”

குழுக் கூட்டத்தில் அதையே எல்லார் முன்னாலும் சொன்னார். டாய்வோவின் பெயர் இருக்க வேண்டும் என்று கைதூக்கியவர்கள்தான் அதிகம். லொரெய்ன் எழுந்து, மலர் என் கணினியில்தான் இருக்கிறது, வேண்டுமானால் நீங்களே முதலிலிருந்து செய்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டிருக்கிறாள். முதலிலிருந்து செய்ய அங்கே யாருக்கும் தெரியாது. மலர் அவள் சொன்னபடிதான் வந்தது. புகைப்படம் இல்லை. டாய்வோ இல்லை. ரெய்னோவின் பெயர் இருந்தது.

நினைவு விழா விருந்தில் நானும் இருந்தேன். நீள மேசைகள் எல்லாம் நிரம்பிக் கிடந்தன. லொரெய்னும் ரெமியும் உட்கார்ந்த மேசையில் அவர்கள் இரண்டு பேர்தான். யாரிடம் சாப்பிட்டு அந்த வருஷத்தை ஓட்டினார்களோ அவளுக்கு ஒருவரும் ரொட்டித் தட்டை நகர்த்தவில்லை. நான் போய் எதிரில் உட்கார்ந்தேன். “நீ எதுக்கு இங்க வந்த?” என்று கடிந்தாள். ரெமி தலை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அடுத்த லினக்ஸ் சனிக்கிழமை பிரியான் வந்திருந்தாள். லொரெய்ன் அவளிடம் போகவில்லை. கணினியும் கொண்டு வரவில்லை. நேராக ரெய்னோவின் மேசைக்குப் போய் மலரின் ஒரு பிரதியை விசைப்பலகை மேல் போட்டாள். யாருக்கோ உதவி செய்துகொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு அதை எடுத்தார். கறுப்புக் கரைப் பக்கத்தைத் தேடிப் பிடித்து, மேலிருந்து கீழ் வரை விரலால் ஓட்டிப் படித்தார். இல்லாத பெயருக்காக இன்னொரு முறையும் படித்தார்.

“என்னை எலக்ட்ரீஷியன்னு போட்டிருக்க,” என்றார். “நான் மில்ரைட். இயந்திரம் பூட்டறவன்.”

“கருங்காலிக்கு எல்லா வேலையும் ஒண்ணுதான்.”

“தப்புத் தப்பா எழுதறதுன்னா எதுக்கு எழுதற?”

“உனக்காக நான் ஒண்ணும் பண்ணல. அதை மண்டையில ஏத்திக்கோ.”

“ஏறிடுச்சு.”

அவள் இன்னும் நின்றாள். நன்றி என்று ஒரு சொல் வரும் என்று எதிர்பார்த்தாளா, தெரியாது. வந்திருந்தால் என்ன செய்திருப்பாள் என்பதும் தெரியாது. வரவில்லை. ரெய்னோ மலரை இரண்டாக மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் காத்திருந்தவரிடம் திரும்பி, “எங்க விட்டோம்? நேரம் கேட்குதா? டொரான்டோன்னு போடுங்க,” என்றார்.

லொரெய்ன் ஒரு பட்டர் டார்ட்டை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வெளியே போனாள். லூசியன் இன்றைக்கும் அவளோடு பேசுவதில்லை. அவளும் ரெய்னோவோடு பேசுவதில்லை. மளிகைக் கடையில் எதிரெதிரே வந்துவிட்டால் இரண்டு பேருமே தள்ளுவண்டியைத் திருப்பிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். அவள் கணினி ஒரு தொந்தரவும் இல்லாமல் ஓடுகிறது என்று பிரியான் சொன்னாள்.